பேசாத 'பேசும் படம்'

1960இல் திருத்தணி தமிழகத்தோடு சேர்ந்தது. சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்திலேயே நின்றன. கோடு போட்டாயிற்று, ஆயினும் அவ்வூர்க் கடைத்தெருக்களில் இரு மொழிகளும் இன்றும் தோளுரசியே நடக்கின்றன. 1987இல் ஒரு படம் வந்தது. எல்லைக்கு இப்பால் 'பேசும் படம்'. அப்பால் 'புஷ்பக விமானம்'. பெயர்தான் இரண்டு; உரையாடலோ அறவே இல்லை!

இயக்கியவர் நெல்லூர் மாவட்டத்து உதயகிரியிற் பிறந்த சிங்கீதம் சீனிவாசராவ். 'மாயாபஜார்' (1957) தந்த கே. வி. ரெட்டியிடம் பயின்றவர், இராஜாஜியின் 'திக்கற்ற பார்வதி'யை 1974இல் தமிழிலேயே படமாக்கியவர்.

வேலையற்ற இளைஞன் (கமல்ஹாசன்), குடிபோதையில் கிடந்த செல்வனைக் கட்டிப்போட்டுவிட்டு, அவன் பெயரில் நட்சத்திர விடுதியில் வாழ்கிறான். மாயவித்தைக்காரர் மகளிடம் (அமலா) மனத்தைப் பறிகொடுக்கிறான். கொலைகாரனோ பனிக்கட்டிக் கத்தியோடு திரிகிறான். மாண்ட பிச்சைக்காரனின் சேமிப்புக்குக் கூட்டம் அடித்துக்கொள்ள, பிணம் கேட்பாரற்றுக் கிடக்கிறது. சிரித்த வாய் அங்கே மூடிக்கொள்ளும். தமிழ் புரியாமல் வளரும் நம் பேரப்பிள்ளைகளுக்கு இப்படத்தில் எவரும் பொருள் சொல்ல வேண்டியதில்லை. அவர்களும் நாமும் ஒரே நொடியில் சிரிப்போம்.

பிரியும் வேளையில் அவள் ரோஜாவோடு முகவரிச் சீட்டை வீசுகிறாள். காற்று அதனைச் சாக்கடையிற் சேர்க்கிறது. அவன் மீண்டும் வேலை தேடுவோர் வரிசையில் நிற்கிறான்.