படைப்பள்ளியும் நம் பள்ளியும்

ஓசூரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில், பெங்களூரு அல்சூர் ஏரிக்கரையில் மெட்ராஸ் சாப்பர்ஸ் படையின் தலைமையகம் இருக்கிறது. பாலம் கட்டுவதும் பதுங்குகுழி வெட்டுவதும் அந்தப் படையின் பணி. 19ஆம் நூற்றாண்டில் அதில் பறையர்கள் பெருமளவில் இருந்தார்கள். முதல் உலகப் போரில் அப்படை மெசபடோமியாவிலும் களம் கண்டது.

படை நமக்குத் தந்தது சம்பளம் மட்டுமல்ல. ஊர்ப்பள்ளி நம்மை வாசலில் நிறுத்திய காலத்தில் படைப்பள்ளி எழுத்தைத் தந்தது. அண்ணல் அம்பேத்கரின் தந்தை ராம்ஜி சக்பால் படையில் சுபேதார், படைப்பள்ளியில் தலைமையாசிரியர். மாவ் படைமுகாமில்தான் 1891 ஏப்ரல் 14 அன்று அண்ணல் பிறந்தார். அடுத்த சில ஆண்டுகளில், 'போர்க்குடி' என்ற கோட்பாட்டைக் காட்டி மகர்களைப் படையில் சேர்ப்பதை ஆங்கிலேயர் நிறுத்தினர். வேலையோடு கல்வியின் கதவும் அடைபட்டது. 1941இல்தான் மகர் ரெஜிமென்ட் உருவானது.

இன்று சிப்காட் தொழிலாளர்களின் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளில் போர்வீரர்களுக்கு அஞ்சலி செலுத்தும்போது இந்த வரலாற்றையும் சொல்ல வேண்டும். பதுங்குகுழி வெட்டியவரை வீரர் என்று சொல்லத் தயங்கும் சமூகம்தான், கழிவறை கழுவுபவரையும் சத்துணவு சமைப்பவரையும் பள்ளி ஊழியர் என மதிக்கத் தயங்குகிறது. அஞ்சலி மேடையில் ஆசிரியர்களுக்குப் பக்கத்தில் அவர்களுக்கும் நாற்காலி போடச் சொல்லி நாம் கேட்போம்.