பிறப்பால் விரட்டப்பட்டவன்!

அஞ்செட்டி மலைப்பக்கத்து இளைஞன் பிழைப்புத் தேடி ஓசூர் ஆலைகளை நோக்கி இறங்குகிறான். அடிக்கல் நாட்டியவர் பெயர் அங்கே கல்லில் பொறிக்கப்பட்டிருக்கிறது. ஆலையை எழுப்பிய கரங்களின் பெயரைத் தேடினாலும் கிடைக்காது. இதைக் கண்டு பழகியவனுக்குப் புதுச்சேரியின் வரலாறு எளிதில் விளங்கும். அந்நகரை நிறுவியவர் என்று ஏடுகள் ஒருவரையே சுட்டுகின்றன. பிரான்சுவா மார்த்தேன் அவர் பெயர். யார் இந்த மார்த்தேன்? கோமகனா, கோட்டைத் தலைவனா?

இல்லை, தோழர்களே! 1634ஆம் ஆண்டு பாரிசு நகரில் ஒரு மளிகை வணிகருக்கு மகனாய்ப் பிறந்தவர். தாயோ, அவ்வணிகர் மணந்த மனைவியல்லள். 1650இல் தந்தை மறைந்தார். 'முறைப்படி' பிறந்த மகன், இவரை வீட்டைவிட்டு விரட்டினான். முறைப்படிப் பிறந்தவனாம்! பத்துத் திங்கள் சுமந்து பெறுவதிலே முறையென்ன, முறைகேடென்ன? மளிகைக் கடையொன்றில் எடுபிடியாய் அமர்ந்தார் மார்த்தேன். மீன் அங்காடியைச் சேர்ந்த மரி குப்பெர்லி என்னும் பெண்ணை விரும்பி மணந்தார். அதற்குப் பரிசாக வேலையையும் பறித்துக்கொண்டான் முதலாளி. மனுநூலின் பெயரையே அறியாத பாரிசிலும் மனு வேறு உடையில் உலவினான்!

1664இல் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி தோன்றியது. மறு ஆண்டே, மனைவியைப் பிரிந்து, கடைநிலை வணிக அலுவலராய்க் கப்பலேறினார் மார்த்தேன். மடகாசுகரில் பிரெஞ்சுக் குடியேற்றம் நோயாலும் பூசலாலும் நொடிந்ததைக் கண்ணாரக் கண்டார். பின்னர் சூரத்து, மசூலிப்பட்டணம் என்று அலைந்தார். 1672இல் பிரெஞ்சுப் படை சாந்தோமைப் பிடித்தது. கோல்கொண்டாப் படையும் டச்சுக்காரரும் சூழ்ந்து நின்று 1674இல் அதை விடுவித்தனர். அந்த நெருக்கடியில்தான், பீசப்பூர் சுல்தானுக்காக வாலிகண்டபுரத்திலிருந்து ஆண்ட ஷேர்கான் லோடி கொடுத்த கடற்கரைச் சிற்றூரில் மார்த்தேன் ஒரு சிலரோடு காலூன்றினார். அவ்வூரே புதுச்சேரி.

பெயரைப் பாருங்கள்! சேரி என்பது தமிழ்ச் சொல். பிரெஞ்சுக்காரன் வருமுன்பே ஊர் இருந்தது, மக்கள் இருந்தனர், தறி இருந்தது. அருகிலுள்ள அரிக்கமேட்டை 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது உரோமானிய மட்கலங்கள் வெளிப்பட்டன. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகட்கு முன்பே மேல்நாட்டோடு வாணிகம் நடத்திய கரையை, 1674இல் ஒருவர் 'நிறுவினார்' என்பது என்ன கணக்கு?

எனினும் மார்த்தேனின் திறத்தை மறைத்தல் நேர்மையாகாது. கம்பெனியோ பணம் அனுப்புவதில் கஞ்சன், கப்பல் அனுப்புவதில் சோம்பேறி. 1677இல் சிவாஜி செஞ்சியைக் கைப்பற்றி ஷேர்கானை முறியடித்தபோது, புரவலர் வீழ்ந்தாரே என்று மார்த்தேன் ஓடவில்லை. புதியவரிடம் தூதும் பரிசும் அனுப்பி ஊரைக் காத்தார். 1693இல் டச்சுக்காரர் பெரும்படையுடன் வந்தனர். செஞ்சியிலிருந்த மராட்டிய அரசர் இராஜாராமிடம் பணம் கொடுத்து ஊரின் உரிமையை முன்னரே வாங்கியிருந்தனர்! ஊரிலிருந்த உழவனையும் நெசவாளியையும் எவர் கேட்டார்? மார்த்தேன் சரணடைந்தார். 1697இல் ஐரோப்பாவில் ரிசுவிக் உடன்படிக்கை ஏற்பட்டது. டச்சுக்காரர் கட்டிய அரண்களுக்காக 16,000 வராகன் கொடுத்து, 1699இல் ஊரை மீட்டனர் பிரெஞ்சுக்காரர். ஊரை விற்றவனும் வேற்றூரான், வாங்கியவனும் வேற்றூரான். இடையிலே டச்சுக்காரர் வகுத்த நேர்தெருத் திட்டம்தான் இன்றைய நகரமைப்புக்கு மூலம். பிரெஞ்சு அழகென்று பலரும் வியக்கும் தெருக்களின் பிறப்பு இப்படி!

இத்தனை பாடும் எதற்காக? துணிக்காக. இந்திய வணிகர் வழியே முன்பணம் பாய்ந்தது, தறிகள் ஆடின, வெளுத்த துணியும் சாயமேற்றிய துணியும் மூட்டையாகிக் கப்பலேறின. அடுத்த நூற்றாண்டில் இக்கரையின் நீலத்துணி, மேற்கு ஆப்பிரிக்காவில் அடிமை மனிதருக்கு விலையாகவும் கொடுக்கப்பட்டது. நெசவாளி இல்லையேல் கம்பெனிக்கு இங்கே மணலும் அலையும்தான் மிச்சம். இதை மார்த்தேன் நன்கறிவார். 1701இல் ஏசுசபைப் பாதிரியாரின் வற்புறுத்தலால் மக்கள் வழிபாட்டுக்குத் தடை போட்டார். மக்கள் திரண்டனர்; ஊரைவிட்டே போகிறோம் என்றனர். தடை தளர்ந்தது! கோயில் வேண்டுமா என்பது நாம் நம்முள் வாதிட்டுத் தீர்க்கவேண்டிய செய்தி. கப்பலில் வந்தவனின் ஆணை அதைத் தீர்க்கலாகாது. உழைப்பை நிறுத்துவோம் என்று உழைப்பவன் ஒருமித்துச் சொன்னபோது பீரங்கி பேசாமலிருந்ததே, அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அதே மக்கள் தெருவுக்குத் திரும்பியதும் என்ன செய்தனர்? வலங்கை என்றும் இடங்கை என்றும் மோதினர். சாதிக்கொரு தெரு, வெள்ளையர்க்கு ஒரு பக்கம், கறுப்பர்க்கு ஒரு பக்கம். பிறப்பைக் காட்டி விரட்டப்பட்ட மார்த்தேன், பிறப்பால் பிரிந்த ஊரை ஆண்டார். அப்பிரிவினையால் வாணிகத்துக்குக் கேடு வராதவரை அதைத் தொடவில்லை. தாம் பட்ட அடியை அவர் மறந்திருப்பாரா? இருபது ஆண்டுப் பிரிவுக்குப் பிறகு இங்கு வந்து சேர்ந்த மரி குப்பெர்லி மறந்திருப்பாளா?

1701இல் இந்தியாவிலுள்ள பிரெஞ்சு நிலையங்களுக்கெல்லாம் புதுச்சேரி தலைமையிடமாயிற்று. 1706ஆம் ஆண்டின் இறுதியில் மார்த்தேன் இறந்தார். அவர் எழுதிவைத்த நினைவுக்குறிப்புகள் 1931 முதல் 1934 வரை மூன்று தொகுதிகளாக அச்சேறின. தறியில் அமர்ந்தவர் எழுதிய குறிப்பு ஒன்றும் நம் கைக்கு வரவில்லை. மார்த்தேன் எழுப்பிய புனித லூயி கோட்டையை 1761இல் ஆங்கிலேயர் தரைமட்டமாக்கினர். டச்சுக்காரர் வகுத்த தெருக்கள் இன்றும் நேராகவே ஓடுகின்றன.