திறந்தவெளி என்னும் ஒரு சொல்

சித்தையன்கோட்டையிலும் அதனைச் சூழ்ந்த ஆத்தூர் வட்டத்து ஊர்களிலும் வாழும் நாம், புகையிலையை வெறும் தீய பழக்கம் என்று ஒதுக்கிவிட்டுப் பேச இயலாது. திண்டுக்கல் சமவெளிக்குச் சோறு போட்ட பயிர்களுள் அதுவும் ஒன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ‘திருச்சிராப்பள்ளிச் சுருட்டு’ என இங்கிலாந்து வரை பெயர் பெற்ற சுருட்டுக்கு இலை தந்த மண் இது. 1887-இல் வெளிவந்த முதல் ஷெர்லக் ஹோம்ஸ் கதையில் அச்சுருட்டின் சாம்பலே துப்பாக வருகிறது. ஸ்பென்சர் நிறுவனம் திண்டுக்கல்லில் சுருட்டுத் தொழிற்சாலை நடத்தியது. 1948-இல் வேடசந்தூரில் புகையிலை ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. எனவே, புகைத்தடையின் வரலாற்றை இம்மண்ணில் நின்று நோக்குவோர், விளைவித்தவன் பக்கமும் நின்று நோக்க வேண்டும்.

தடை என்பது புதிதன்று. 1642-இல் திருத்தந்தை எட்டாம் உர்பன், செவில் மறைமாவட்டக் கோவில்களில் புகையிலை பயன்படுத்துவதைக் கடுந்தண்டனையுடன் விலக்கினார். பின்னர் 1725-இல் பதின்மூன்றாம் பெனடிக்ட் இத்தகைய தடையைத் தளர்த்தினார். அந்நாளில் காக்கப்பட்டது இடத்தின் தூய்மை. அருகில் நின்றவரின் நுரையீரலன்று. பிறர் விடும் புகை நம்மையும் கொல்லும் என்னும் அறிவு மிகப் பிந்தியே வந்தது. ஜப்பானில் புகைக்காத 91,540 மனைவியரைப் பல்லாண்டு கவனித்த ஹிராயாமா, மிகுதியாகப் புகைக்கும் கணவரின் மனைவியர்க்கு நுரையீரல் புற்றுநோய் கூடுதலாக வருவதை 1981-இல் வெளியிட்டார்.

இவ்வறிவு நம் நாட்டில் முதலில் நீதிமன்றங்களின் வழியே வலுப்பெற்றது. பொது இடத்தில் புகைப்பது பொதுத் தொல்லையாகும் என்றும், உயிர் வாழும் உரிமையை மீறுவதாகும் என்றும் கேரள உயர் நீதிமன்றம் 1999 ஜூலை 12-இல் தீர்ப்பளித்தது. 2001 நவம்பர் 2-இல் உச்ச நீதிமன்றம் மருத்துவமனை, கல்விக்கூடம், நூலகம், பொது ஊர்தி முதலியவற்றில் புகைப்பதை நாடெங்கும் தடுத்தது. அடுத்து வந்ததே 2003-ஆம் ஆண்டின் நடுவண் சட்டம். மீறுவோர்க்கு 200 ரூபாய் வரை தண்டம் விதித்த அச்சட்டம், ‘பொது இடம்’ என்பதில் திறந்தவெளி அடங்காது என்றும் கூறிவிட்டது.

அந்த ஒரு சொல்லால் திறந்த வாயிலைப் பாதியேனும் அடைத்தவை 2008 அக்டோபர் 2-இல் நடைமுறைக்கு வந்த விதிகள். மக்கள் வந்து கூடும் திறந்தவெளி அரங்கம், விளையாட்டரங்கம், இரயில் நிலையம், பேருந்து நிறுத்தம் ‘இவை போன்ற பிற இடங்கள்’ ஆகியன திறந்தவெளி எனக் கருதப்படா என்று அவை விளக்கின. பூங்கா என்ற பெயர் அப்பட்டியலில் இல்லை. ஆயினும் குழந்தைகள் ஆடுவதும், முதியோர் மூச்சு வாங்க அமர்வதும், வீட்டு முற்றம் இல்லாதவர் காற்று வாங்குவதும் அங்குத்தானே! ‘பிற இடங்கள்’ என்பதில் முதலிடம் பூங்காவுக்கே உரியது என்பது நம் துணிபு.

வெளியில் புகை கலைந்துவிடும் என்பர். கலைவது உண்மை, ஆனால் ஒரே இருக்கையில் அமர்ந்தவரைத் தொட்ட பின்னரே கலைகிறது. பெரியவர் செய்வதைக் கண்டு பழகும் சிறுவனின் கண்ணிலிருந்தோ அது கலைவதே இல்லை.

மற்றொரு வாதம் வலிமையுடையது. நாள் முழுதும் உழைத்தவன் மரத்தடியில் பற்றவைக்கும் பீடிக்குத் தண்டம். அவ்விலையை விற்று வருவாய் ஈட்டும் வணிகத்திற்கோ தடையில்லை என்பது நீதியா? இந்தியா 2004-இல் ஏற்புறுதி அளித்த உலகச் சுகாதார நிறுவனத்தின் புகையிலை உடன்படிக்கையில் இதற்கு விடை உண்டு. அதன் 8-ஆம் உறுப்பு பிறர் புகையிலிருந்து மக்களைக் காக்கச் சொல்கிறது. 17-ஆம் உறுப்பு புகையிலை உழவர்க்கும் தொழிலாளர்க்கும் மாற்று வாழ்வு காணச் சொல்கிறது. ஈர இலையைக் கையாளும் கூலியாளின் தோல் வழியே நிகோடின் ஏறி, தலைசுற்றலும் வாந்தியும் உண்டாக்குவதை எண்ணினால், தீங்கு தொடங்குமிடம் வயலே என்பது விளங்கும்.

பூங்கா வாயிலில் பலகை வைப்பது எளிது. 8-ஆம் உறுப்புக்கு அது போதலாம். புகையிலையை விட்டு வேறு பயிருக்கு மாறும் உழவனுக்கு நீரும் கடனும் விலையும் உறுதி செய்வதே அரிது. இரண்டையும் ஒருசேரச் செய்யும் நாளில்தான் திறந்தவெளி எல்லார்க்கும் திறந்ததாகும்.