தாஜ்மகாலின் அணிவேலை: தொலைவும் நுணுக்கமும்

தாஜ்மகாலைப் பளிங்குக் கட்டடம் என்பது பாதி உண்மையே. 1632இல் ஆக்ராவில் யமுனைக் கரையில் தொடங்கிய அப்பணியில் பளுவைச் சுமப்பவை செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். மக்ரானாவிலிருந்து வண்டிகளில் வந்த வெண்பளிங்கு அவற்றை மூடிய மேலுறை. எனவே அப்பளிங்கின்மேல் கைவினைஞர் செய்தவை பெரும்பாலும் காண்பவரைக் கருதிச் செய்தவை. கண்ணுக்கும் கல்லுக்கும் இடையிலுள்ள தொலைவுதான் அந்த அணிவேலையை வகுத்த விதி என்பது இக்கட்டுரையின் வாதம்.

அதே ஆக்ராவில் முகலாய அரசி நூர்ஜகான் 1622 முதல் 1628 வரை தன் தந்தைக்கு எழுப்பிய இதிமாத்-உத்-தௌலா கல்லறை இதற்கு நல்ல ஒப்பீடு. அங்கே அடிமுதல் முடிவரை வண்ணக் கற்கள் பதிந்துள்ளன. வெறுமையாக விட்ட இடம் அரிது. அது சிறிய கட்டடம், அதனால் அந்த அடர்த்தி பொருந்துகிறது என்று சொல்லலாம். ஆனால் தாஜில் பொருளுக்கோ ஆளுக்கோ பஞ்சமில்லை. அதைக் கட்டுவித்த பேரரசர் ஷாஜகான் நினைத்திருந்தால் குவிமாடத்தையும் கொடிகளால் நிறைத்திருக்க முடியும். ஆனாலும் குவிமாடத்தின் பெரும்பரப்பு வெறுமையாகவே நிற்கிறது. தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு வடிவம் போதும் என்ற தெளிவான முடிவாகவே இதைக் கொள்ள வேண்டும்.

சற்று நெருங்கினால் வளைவுகளின் இருபுறத்திலும் அகன்ற கொடிக்கோலங்கள் தெரிகின்றன. வாயில்களைச் சுற்றி எழுத்துக்கலைஞர் அமானத் கான் வரைந்த குர்ஆன் வரிகள் வெண்பளிங்கில் கரும்பளிங்காகப் பதிந்துள்ளன. கீழிருந்து படிப்பவருக்கு மேல்வரிகள் குறுகித் தோன்றாதபடி எழுத்துகள் உயரத்தில் சற்றே பெரிதாக்கப்பட்டுள்ளன. இந்த வாதத்துக்கு இதைவிட வெளிப்படையான சான்று வேண்டியதில்லை.

சுவரின் அடிப்பகுதியில், நிற்பவரின் பார்வைக்கும் கைக்கும் எட்டும் உயரத்தில், நிறம் விலகிக்கொள்கிறது. பூச்செடிகள் வெண்பளிங்கிலேயே புடைப்பாகச் செதுக்கப்பட்டுள்ளன. இதழின் மடிப்பும் காம்பின் வளைவும் நிழலால் மட்டுமே தெரிகின்றன. பத்தடி தள்ளி நின்றால் அந்நிழல் கரைந்துவிடும்.

உள்ளே, எண்கோணத் தடுப்பிலும் அதற்குள் உள்ள நினைவுக் கல்லறைகளிலும் பதிப்புவேலை உச்சத்தை அடைகிறது. முதலில் அங்கிருந்த பொன் தடுப்பை எடுத்துவிட்டு 1643இல் துளைவேலைப் பளிங்குத் தடுப்பை வைத்தார்கள். பதிப்புக்காரர் பளிங்கில் கோடு கீறி, உளியால் பள்ளம் எடுத்து, வில்லில் கட்டிய கம்பியால் குருந்தப்பொடி கொண்டு அறுத்த கல்துண்டுகளை அப்பள்ளத்தில் பொருத்தி ஒட்டித் தேய்த்தார். ஒரு பூவின் சிவப்பு ஒரே சிவப்பன்று. கார்னீலியன் கல்லின் இயல்பான நிறமாற்றத்தைத் தேர்ந்து, இதழின் நடுவில் அடர்ந்தும் ஓரத்தில் வெளிறியும் அடுக்கியிருக்கிறார்கள். தூரிகை செய்ய வேண்டியதைக் கல்லைத் தெரிந்தெடுக்கும் கண் செய்திருக்கிறது. விரலால் தடவினால் இணைப்பு எளிதில் தட்டுப்படாது. முகலாயக் கலை பற்றிய எழுத்துகள் பதிப்பு உத்தியின் பிறப்பிடம் இத்தாலியா இந்தியாவா என்ற வழக்கிலேயே நெடுங்காலம் தேங்கியதால், இந்தத் தேர்வுத்திறன் பெற வேண்டிய கவனத்தைப் பெறவில்லை என்பது என் கருத்து.

1666இல் ஷாஜகானின் நினைவுக் கல்லறை அவர் மனைவி மும்தாஜின் நினைவுக் கல்லறைக்கு மேற்கே வைக்கப்பட்டபோது வளாகத்தின் சமச்சீர் குலைந்தது. விதி குலையவில்லை. மும்தாஜின் கல்லறைமேல் உள்ள குர்ஆன் வாசகங்கள் ஷாஜகானின் கல்லறையில் இல்லை. இருந்தும் அருகில் குனிந்து பார்ப்பவருக்கென்றே மலர்கள் அதே நுணுக்கத்தோடு பதிக்கப்பட்டன.