வெள்ளை வண்டியும் முறை வண்டியும்: கார்ப் பகிர்வுக் கூட்டுறவின் தொடக்கம் பற்றி ஒரு மறுவாசிப்பு

கார்ப் பகிர்வுக் கூட்டுறவுகளின் வரலாற்றை எழுதப் புகுந்தவர்கள் பெரும்பாலும் சூசன் ஷஹீன், டேனியல் ஸ்பெர்லிங், கான்ராட் வாக்னர் மூவரும் 1998-இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்தே தொடங்குகிறார்கள். அதில் உள்ள வரிசை பிறகு வந்த பல எழுத்துகளிலும் அப்படியே இடம்பெற்றுவிட்டது. முதலில் 1948-இல் சூரிக் நகரத்துச் ‘செஃபாகே’. சொந்தக் கார் வாங்க வசதியில்லாதவர்கள் பணத்தை முன்னிட்டுச் சேர்ந்த கூட்டுறவு அது. அடுத்து 1971-இல் பிரான்சின் மோன்பெலியே நகரத்து ‘புரோகோதிப்’, 1973-இல் ஆம்ஸ்டர்டாம் ‘விட்கார்’. இவை இரண்டும் தோற்றுப்போன சோதனைகள். அதன்பின் 1980-களின் பிற்பகுதியில் சுவிட்சர்லாந்திலும் ஜெர்மனியிலும் வேர்பிடித்த வெற்றிகள்.

இந்த வரிசையில் எனக்குப் பெரிய உடன்பாடின்மை ஒன்று உண்டு. விட்காரைப் புரோகோதிப்போடு ஒரே மூச்சில் சொல்லித் தோல்விக் கணக்கில் எழுதியதுதான் அது. எங்கள் கூட்டுறவு மாசில்லாத வண்டியைத்தான் ஓட்டும் என்று தீர்மானித்துக்கொண்டு கார்ப் பகிர்வில் இறங்கிய முயற்சிகளில் மிகப் பழையது விட்கார் என்பது என் கருத்து. அதைத் தோல்வியென்று ஒதுக்கினால், சுற்றுச்சூழல் என்ற நோக்கம் இந்த வரலாற்றுக்குள் 1987-இல்தான் நுழைந்தது என்ற தோற்றம் வந்துவிடும். 1998 கட்டுரையைப் படித்து முடிக்கும்போது எனக்கு அந்த எண்ணமே எஞ்சியது.

மூவரில் வாக்னர், 1987-இல் சுவிட்சர்லாந்தின் ஷ்டான்ஸ் நகரத்தில் கார்ப் பகிர்வுக் கூட்டுறவைத் தொடங்கியவர்களில் ஒருவர் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். சுவிஸ் பகுதி உள்ளிருந்து எழுதப்பட்டது. அதன் வலு அதுதான். அதே காரணத்தால் முந்தைய வரலாறு முழுவதும் ஷ்டான்ஸில் நின்று பின்னோக்கிப் பார்த்ததாக அமைந்துவிட்டது. குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஒரு காரியத்தைத் தொடங்கி நிலைநிறுத்தியவர், அதற்கு முன் நடந்தவற்றை முன்னோட்டமாகப் பார்ப்பது இயல்பு.

விட்காரின் பின்புலம் தெரிந்ததே. 1965-இல் ஆம்ஸ்டர்டாமின் ‘ப்ரொவோ’ இயக்க இளைஞர்கள் வெள்ளை மிதிவண்டித் திட்டத்தை அறிவித்தார்கள். பூட்டில்லாத வெள்ளை மிதிவண்டிகளை யார் வேண்டுமானாலும் எடுத்து ஓட்டிவிட்டு, போன இடத்தில் விட்டுவிடலாம். பூட்டாத வண்டி சட்டத்துக்குப் புறம்பு என்று சொல்லிக் காவல்துறை அவற்றைப் பறிமுதல் செய்தது. திட்டத்தை வகுத்தவர் லூட் ஸ்கிமெல்பெனிங்க். 1966 நகரமன்றத் தேர்தலில் ப்ரொவோவுக்குக் கிடைத்த ஒரே இடத்தில் ஆள் மாற்றி ஆள் அமர்ந்தார்கள். அவரும் அப்படி ஒரு முறை அமர்ந்தவர். மிதிவண்டியில் கைகூடாததை மின்வண்டியில் செய்து பார்க்க அவர் ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைத்தார். மின்சார விநியோக வண்டிகள் செய்து பழகிய ஸ்பைக்ஸ்டால் நிறுவனம் வண்டியைக் கட்டிக்கொடுத்தது.

மூன்று சக்கரம், இருவர் உட்காரும் இடம், சுற்றிலும் கண்ணாடி, ஏறக்குறைய 30 கிலோமீட்டர் வேகம். உறுப்பினர் நிலையத்துக்கு வருகிறார். கம்பத்தில் தன் சாவியைச் செருகுகிறார். எந்த நிலையத்துக்குப் போகிறார் என்பதைக் குறிக்கிறார். அங்கே வண்டி நிறுத்த இடமிருக்கிறதா என்று கணினி பார்க்கிறது. இருந்தால்தான் வரிசையின் முன்னால் மின்னேறி நிற்கும் வண்டி அவருக்குக் கிடைக்கும். போய்ச் சேர்ந்ததும் அந்த வண்டி அங்குள்ள வரிசையின் கடைசியில் நின்று மறுபடி மின்னேற்றிக்கொள்ளும். எடுத்த இடத்தில் திருப்பிக் கொண்டுவந்து விட வேண்டியதில்லை. நேரத்துக்குத்தான் கட்டணம். 1974-இல் இது ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் கையில் நடந்தது என்பதை நினைக்க இன்றும் வியப்பாக இருக்கிறது.

இனிப் பெயருக்கு வருகிறேன். ‘விட்கார்’ என்பதைத் தமிழில் எழுதியவுடன் நம் காதில் ‘கார்’ விழுகிறது. ஆங்கிலத்தில் படிப்பவருக்கும் அப்படியே. டச்சு மொழியில் ‘விட்’ வெள்ளை. ‘கார்’ என்பதோ வண்டி. கைவண்டி, தள்ளுவண்டி, மாட்டுவண்டி எல்லாம் அந்தச் சொல்லுக்குள் அடங்கும். மோட்டார் காருக்கு அவர்கள் வழங்கும் சொல் ‘ஆட்டோ’. ஆக, விட்கார் என்றால் வெள்ளை வண்டி. வெள்ளை மிதிவண்டிக்குத் தம்பி போலப் பிறந்த பெயர் இது. காரைப் பங்குபோடுவது அவர்கள் நோக்கம் என்று எடுத்துக்கொண்டால் பெயரே மறுக்கிறது. நகரத்தின் நடுப்பகுதியில் காருக்குப் பதிலாக வேறொரு வண்டியை ஓடவிடுவதே அவர்கள் எண்ணியது. ஷஹீன் முதலியோர் இதைப் ‘பொதுக் கார்’ சோதனைகளுள் ஒன்றாக வைத்தபோது இந்த வேறுபாடு மறைந்துவிட்டது. புரோகோதிப்பும் கூட்டுறவுதான், ஆனால் அது ஓடவிட்டவை சந்தையில் விற்ற பெட்ரோல் கார்கள். கூட்டுறவு என்ற ஒற்றுமையை மட்டும் கொண்டு இரண்டையும் இணைத்தால், வண்டி எது என்ற கேள்வி கேட்கப்படாமலே போகிறது.

ஆண்டிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. 1998 கட்டுரை 1973 என்கிறது. ஆம்ஸ்டெல்வெல்ட் சதுக்கத்தில் முதல் நிலையத்தை அன்றைய சுகாதார, சுற்றுச்சூழல் அமைச்சர் இரேனே வோரிங்க் திறந்துவைத்தது 1974 மார்ச் 21. ஷஹீன் பங்கேற்ற பிற்காலக் கட்டுரைகளிலும் தொடக்கம் 1974 என்று மாறியிருக்கிறது. ஓராண்டு வேறுபாடுதானே என்று விட்டுவிடலாம். ஆனால் சுற்றுச்சூழல் பொறுப்பு வகித்த அமைச்சர் வந்து திறந்தார் என்ற செய்தி, 1973 என்று எழுதும்போது ஆண்டோடு சேர்ந்து உதிர்ந்துவிடுகிறது. எண்ணெய்த் தடையால் 1973 நவம்பரில் நெதர்லாந்தில் காரில்லா ஞாயிறுகள் தொடங்கின. மார்ச் 1974 திறப்பு அந்தக் குளிர்காலத்தை அடுத்து வருகிறது. எண்ணெய் நெருக்கடிதான் விட்காரைப் பிறப்பித்தது என்று சொல்ல நான் துணியமாட்டேன். எண்ணம் அதற்குப் பல ஆண்டுகள் முந்தியது. திறந்த அன்று வந்து நின்றவர்கள் அதை எப்படிப் பார்த்திருப்பார்கள் என்பதில் அந்தக் குளிர்காலத்துக்குப் பங்கு இருந்திருக்க வேண்டும்.

தோல்வி என்ற தீர்ப்புக்கு வருவோம். விட்கார் கடைசிவரை 35 வண்டிகளையும் 5 நிலையங்களையும் தாண்டவில்லை. உறுப்பினர்கள் ஏறக்குறைய 4,000 பேர். ஆளில்லாமல் நலிந்த திட்டம் என்று இந்த எண்களைப் படிக்க முடியாது. 35 வண்டிக்கு 4,000 உறுப்பினர் என்றால் ஒரு வண்டிக்கு நூற்றுக்கு மேல். ஆள் இருந்தது, நிலையம் இல்லை என்றுதான் நான் படிக்கிறேன்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஓரிடத்தில் எடுத்து வேறிடத்தில் விடும் முறையில், ஒவ்வொரு நிலையத்திலிருந்தும் மற்ற நிலையங்களுக்குத்தான் பயணம். 5 நிலையங்கள் இருந்தால் 20 வழிகள். 15 இருந்தால் 210. 25 இருந்தால் 600. நிலையம் ஐந்து மடங்கானால் வழி முப்பது மடங்காகிறது. ஐந்தே நிலையங்களில் நின்றுவிட்ட திட்டத்தில், ஒருவர் போக நினைக்கும் இடம் அந்த இருபது வழிகளுக்குள் அமைவது அரிது. போதாக்குறைக்கு, எல்லோரும் ஒரே திசையில் போகும் வேளையில் ஒரு நிலையம் வண்டியின்றியும் மற்றொன்று இடமின்றியும் நிற்கும்.

ஏன் ஐந்தில் நின்றது? தேவையான அளவு அரசு ஆதரவு கிடைக்கவில்லை என்பது பலரும் சொல்லும் காரணம். சரிதான், ஆனால் அதோடு நிறுத்துவது போதாது என்று நினைக்கிறேன். கூட்டுறவுச் சங்கம் உறுப்பினரிடமிருந்து பணம் திரட்டலாம், உழைப்பு திரட்டலாம். தெருவில் இடம் திரட்ட முடியாது. ஒவ்வொரு விட்கார் நிலையத்துக்கும் பொதுத் தெருவில் ஒரு துண்டு நிலமும் மின்சாரமும் வேண்டும். அதைத் தரும் அதிகாரம் நகரமன்றத்தினுடையது. தன் வளர்ச்சிக்கு வேண்டிய முக்கியப் பொருள் உறுப்பினர் கையில் இல்லாத ஒரு கூட்டுறவாக விட்கார் அமைந்துவிட்டது. இதை மெய்ப்பிக்க என்னிடம் நகரமன்றத் தீர்மானம் எதுவும் இல்லை. அமைப்பின் தன்மையிலிருந்து செய்யும் ஊகம். ஆனாலும் இதை விட்டுக்கொடுக்க மனமில்லை. ஏனென்றால் ஷ்டான்ஸில் நடந்தது இதன் மறுபக்கம்.

1987-இல் நிட்வால்டன் மாநிலத்தின் ஷ்டான்ஸில் எட்டுப் பேர் சேர்ந்து ‘ஆட்டோடைலெட்’ கூட்டுறவைத் தொடங்கினார்கள். அதே ஆண்டு சூரிக்கில் ‘ஷேர்காம்’. இரண்டும் 1997-இல் இணைந்து ‘மொபிலிட்டி’ ஆயின. மொபிலிட்டி இன்றும் கூட்டுறவுதான். எடுத்த இடத்திலேயே திருப்பி விட வேண்டும் என்பது ஷ்டான்ஸில் தொடங்கியவர்களின் முறை. ஒரு கார், அது நிற்க ஓரிடம், கூட்டுச் சாவி, முன்பதிவு. எட்டுப் பேரால் முடிகிற காரியம் அது. யாருடைய தெருவையும் கேட்டு நிற்க வேண்டியதில்லை.

இந்த ‘ஆட்டோடைலெட்’ என்ற பெயரில் நான் சற்று நிற்க வேண்டும். செந்தர ஜெர்மன் மொழியில் காரைப் பகிர்வது ‘ஆட்டோடைலன்’. ‘டைலெட்’ என்பது சுவிஸ் வட்டார வழக்கு. வினையோடு ‘-எட்’ சேர்த்து, பருவந்தோறும் பலர் கூடிச் செய்யும் வேலைக்குப் பெயராக்குவது அந்த வழக்கில் உண்டு. தீவனப் புல் அறுப்பு ‘ஹொய்யெட்’. பாலாடைக்கட்டிப் பங்கீடு ‘ஹேஸ்டைலெட்’: கோடை முழுதும் மலைமேய்ச்சலில் பசுக்கள் தந்த பாலில் செய்த கட்டியை, இலையுதிர்காலம் தொடங்கும்போது, அவரவர் பசு தந்த பாலின் அளவுக்கேற்ப உடைமையாளர்கள் பிரித்துக்கொள்ளும் நாள். பெர்ன் மாநிலத்தின் யுஸ்டிஸ் பள்ளத்தாக்கில் நடப்பது பேர்போனது. ‘ஆட்டோடைலெட்’ என்ற சொல்லை அந்நாட்டுக்காரர் கேட்டால் இந்தப் பங்கீடு நினைவுக்கு வராமல் இராது என்பது என் வாதம். பெயர் வைத்தவர்கள் இதை எண்ணியே வைத்தார்களா என்பதற்குச் சான்று காட்ட இயலாது. யுஸ்டிஸ் பள்ளத்தாக்கு நிட்வால்டனில் இல்லை என்று மறுப்பவர்களுக்கும் நியாயம் உண்டு. ஆனால் காட்டையும் மேய்ச்சலையும் பொதுவில் ஆளும் பழைய குடியுரிமைக் கூட்டமைப்பு ஷ்டான்ஸிலேயே இருக்கிறது. எட்டுப் பேருக்குக் கூட்டுடைமை எங்கிருந்தோ வந்த புதுச்சரக்கு அல்ல.

ஒரு வேறுபாட்டையும் ஒப்புக்கொள்கிறேன். பாலாடைக்கட்டியைக் கூறுபோடலாம், காரைக் கூறுபோட முடியாது. காரில் பிரிவது நேரம். ஆகவே பங்கு என்பதைவிட, ஏரிப் பாசனத்தில் நாம் சொல்கிற ‘முறை’ என்ற சொல்லே இதற்கு நெருக்கம். யார் மடை எப்போது என்று வைத்துக்கொள்வதைப் போல, யார் கையில் சாவி எப்போது என்பதே அந்தக் கூட்டுறவின் முதல் விதி.

மூன்று பெயர்களையும் வரிசையில் வைத்துப் பார்த்தபோதுதான் 1998 வரிசையின் குறை எனக்குத் தெளிவானது. ‘செஃபாகே’ என்பது தாமே ஓட்டுவோர் கூட்டு என்ற தொடரின் சுருக்கம். பெயரில் இருப்பது ஓட்டுநர். விட்காரில் இருப்பது வண்டி, அதன் நிறத்தோடு. ஆட்டோடைலெட்டில் இருப்பது பிரித்துக்கொள்ளும் செயல். 1988-இல் பெர்லினில் தொடங்கிய ‘ஷ்டாட்ஆட்டோ’ இன்னும் ஒரு படி மேலே போகிறது. அதன் எழுத்துக்கூட்டல் ‘காருக்குப் பதிலாக’ என்று பொருள் தரும். காதுக்கு ‘நகரக் கார்’ என்றும் கேட்கும்.

சுற்றுச்சூழல் நோக்கம் 1987-இல் புதிதாகப் பிறக்கவில்லை, இடம் மாறியது. விட்காரில் அது வண்டிக்குள் இருந்தது: புகையில்லை, சத்தமில்லை, சிறிய உருவம். ஷ்டான்ஸிலும் பெர்லினிலும் அது வண்டியை விட்டு உடைமை முறைக்குப் போனது. வழக்கமான கார்தான், ஆனால் வீட்டுக்கு ஒன்று வேண்டாம், தேவையான நாளில் மட்டும் எடுத்தால் போதும் என்றார்கள். செர்னோபில் விபத்தும் ரைன் ஆற்றை நஞ்சாக்கிய பாசல் கிடங்குத் தீயும் நடந்தது 1986-இல். சூழலைப் பற்றி அந்நாடுகளில் அந்த அளவு பேச்சு எழுந்திருந்த வேளையிலும், கூட்டுறவுக்காரர்கள் மின்வண்டிக்குக் காத்திராமல் கிடைத்த காரோடு தொடங்கினார்கள். நிலைத்ததற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன். வண்டியும் முறையும் மறுபடி ஒன்றுசேரப் பல்லாண்டுகள் ஆயின: தன் வாகனங்கள் அனைத்தையும் 2030-க்குள் மின்வாகனமாக்கும் இலக்கை மொபிலிட்டி அறிவித்தபோது, 1974-இல் ஆம்ஸ்டெல்வெல்டில் நின்ற வண்டியின் பக்கம் அது திரும்பி வந்தது.

கடைசியாக, நீடித்த காலத்தைப் பற்றி. பணத்துக்காகச் சேர்ந்ததாகச் சொல்லப்படும் செஃபாகே 1998 வரை, அதாவது ஐம்பது ஆண்டுகள், நீடித்தது. அதைத் தோல்வியென்று யாரும் எழுதவில்லை. விட்காரின் முடிவைப் பற்றியோ ஆண்டிலேயே ஒற்றுமையில்லை. டச்சு விவரங்களில் 1986 என்று வருகிறது. ஷஹீனின் பிற்காலப் பட்டியலில் 1988. கடைசி வண்டி நின்றது ஓராண்டிலும் சங்கத்தின் கணக்கு முடிந்தது வேறோர் ஆண்டிலுமாக இருக்கலாம். கூட்டுறவுகளில் இப்படி நேர்வது உண்டு. ஓட்டத்தின் முடிவைக் கணக்கில் கொண்டால் 1986 பொருந்துகிறது, அப்படிப் பார்த்தாலும் பன்னிரண்டு ஆண்டுகள். 1988-ஐத் தவறென்று தள்ள என்னிடம் காரணம் இல்லை.