நாக்கு பிடிச்சாத்தான் பாய் நிற்கும்

பாய்மரக் கப்பல்னாலே நமக்கு ஞாபகம் வர்றது பாய், மரம், காத்து. இந்த மூணையும் மனுஷன் கைக்கு அடங்க வைக்கிற ஒரு குட்டி மெஷின் உண்டு. பேரு வின்ச். அதைப் பத்தி யாரும் பேசறதில்ல. அதோட சரித்திரம் கொஞ்சம், அது இறுகிப் போனா எப்படிக் கழட்டறதுங்கிற விவரம் கொஞ்சம்... இதான் இன்னிக்குப் பதிவு. மெஷின் சமாச்சாரம், பொறுத்துக்குங்க மக்களே.

அம்பகரத்தூர்க்காரனுக்குக் கப்பல் எதுக்குன்னு கேப்பீங்க. நியாயம்தான். எங்க ஊர்ல பத்ரகாளி உண்டு, வயல் உண்டு, கடல் கிடையாது. ஆனா கிழக்கே போனா காரைக்கால். அங்கேருந்து வடக்கே கொஞ்ச தூரத்துல தரங்கம்பாடி. 1620ல டேனிஷ்காரன் அங்க கோட்டை கட்ட ஆரம்பிச்சான். 1739ல காரைக்கால் பிரெஞ்சுக்காரன் கைக்குப் போச்சு. இது திறந்த கடற்கரை. பெரிய கப்பல் கரைக்கு வர முடியாது. தள்ளி நங்கூரம் போட்டு நிக்கணும்.

அந்த நங்கூரத்தை எப்படித் தூக்கினான்? கப்பல் தளத்துல செங்குத்தா ஒரு பெரிய மர உருளை. அதோட தலையில சுத்திலும் துளை. துளையில நீளக் கம்புகளைச் செருகி, கம்புக்குச் சில பேரா நின்னு செக்குமாடு மாதிரி தள்ளிக்கிட்டே சுத்தணும். கேப்ஸ்டன்னு பேரு. வின்ச்சுக்கு இதான் பாட்டன்.

இதுல சூட்சுமம் உருளையில இல்ல, அதோட அடியில இருக்கிற சின்ன நாக்குல. உருளை முன்னால சுத்தும்போது நாக்கு ஒவ்வொரு பல்லா தாண்டித் தாண்டி விழும். பின்னால திரும்பப் பார்த்தா பல்லுல முட்டி நிறுத்திடும். சைக்கிள் ஃப்ரீவீல்ல பெடல் மிதிக்காம விட்டா 'டிக் டிக்'னு கேக்குதில்ல, அதே நாக்கு, அதே பல்லுதான். நாக்கு பிடிக்கலேன்னா நங்கூரத்தோட மொத்த எடையும் உருளையைத் திருப்பி அடிக்கும். கம்புகள் சுழன்று தள்ளிக்கிட்டிருந்தவங்க விலாவை உடைக்கும். உசுரே போனதும் உண்டு.

பாயை இழுக்கிற கயிறுக்கு இந்த வேலை அப்புறம்தான் வந்தது. 1903ல அமெரிக்கா கோப்பைப் போட்டிக்காக நத்தானியேல் ஹெரஷாஃப் கட்டின 'ரிலையன்ஸ்' படகுல பாய்ப் பரப்பு மட்டும் 16,000 சதுர அடிக்கு மேல. அதை அடக்கறதுக்குத் தளத்துக்குக் கீழேயே வின்ச்சுகளை வெச்சார் மனுஷன். நம்ம பக்கத்துல கதை வேற. கயிறு, கப்பி, ஆள் பலம். வல்வெட்டித்துறையில கட்டின 89 அடி அன்னபூரணி பாய் விரிச்சு அட்லாண்டிக்கைத் தாண்டி 1938ல அமெரிக்காவோட குளோஸ்டர் துறைமுகம் போய்ச் சேர்ந்தது. அந்த மாதிரிக் கப்பல்ல ஒரு பாயை ஏத்தவே பல கை வேணும்.

பல கை செஞ்ச வேலையை ரெண்டு கைக்குக் கொண்டு வந்ததுதான் வின்ச்சோட சாதனை. முரட்டு மாட்டோட கயிறைத் தென்னை மரத்துல ரெண்டு சுத்து சுத்தினா ஒரு சின்னப் பையன் பிடிச்சு நிறுத்திடுவான். அந்த உராய்வு பாதி வேலை செய்யுது. மீதியைப் பல்சக்கரமும் கைப்பிடியும் பாத்துக்குது. பெரும்பாலான வின்ச்சுல 40னு எண் போட்டிருந்தா உங்க பலம் ஏறக்குறைய 40 மடங்காகும்னு அர்த்தம். 25 கிலோ அழுத்தம் கொடுத்தா கணக்குப்படி 1,000 கிலோ. (உராய்வு கொஞ்சம் தின்னுடும்.)

2024 அக்டோபர் 2ல கோவாவுல கிளம்பி 2025 மே 29ல திரும்பி வந்த ஐஎன்எஸ்வி தாரிணி ஞாபகம் இருக்கா? 56 அடிப் படகு. உள்ளே ரெண்டே பேர், கடற்படை லெப்டினன்ட் கமாண்டர்கள் தில்னாவும் ரூபாவும். ரூபா நம்ம புதுச்சேரிப் பொண்ணு. கேப் ஹார்ன் முனையைச் சுத்தி உலகத்தையே வலம் வந்தாங்க. அந்தக் கடல்ல புயல் வந்தா பாயைச் சுருக்கிக் கயிறை இழுத்துக் கட்ட ரெண்டு பேரால எப்படி முடியும்? வின்ச் இருந்தாத்தான். அதுக்குள்ள கட்டைவிரல் அளவு நாக்குகள் சரியா விழுந்தாத்தான்.

சரி, இறுகிப் போன வின்ச்சுக்கு வருவோம். ரெண்டு காரணம். உப்புத்தண்ணி உள்ளே போய் காஞ்சு, பழைய கிரீஸோட சேர்ந்து கல்லு மாதிரி ஆயிடும். இல்லாட்டி அலுமினியமும் துருப்பிடிக்காத எஃகும் உப்புத்தண்ணியில ஒட்டி இருந்து, அலுமினியம் வெள்ளைப் பொடியா அரிச்சு ரெண்டையும் பிடிச்சுக்கும்.

கழட்டறதுக்கு முன்னாடி ஒரு அட்டைப்பெட்டியோட அடியில ஓட்டை போட்டு வின்ச்சைச் சுத்தி மாட்டிடணும். ஏன்னா உருளையைத் தூக்கும்போது பேரிங் கிரீஸ்ல ஒட்டிக்கிட்டு மேலே வந்து, 'பொத்'னு கடல்ல விழும். மேல் மூடியையோ வளையத்தையோ எடுத்து, உருளையை நேரா மேலே தூக்கணும். வரலேன்னா சுத்தியலால ஓங்கி அடிக்கக் கூடாது. துரு இளக்குற எண்ணெய் விட்டு ராத்திரி முழுக்க விட்டுடுங்க. காலையில உருளை மேல வெந்நீர் ஊத்துங்க. சூட்டுல அலுமினியம் எஃகைவிட அதிகமா விரியும், பிடி விடும். அப்புறம் மரச் சுத்தியலால சுத்திலும் மெதுவா தட்டி, இப்படியும் அப்படியும் அசைச்சுக் கழட்டணும். அடிப்பாகத்தையே எடுக்கணும்னா தளத்துக்குக் கீழே ஒருத்தர் ஸ்பேனரோட உக்காரணும்.

மண்ணெண்ணெயில பழைய டூத்பிரஷ் போட்டுத் தேய்ச்சுக் காய வைங்க. பல்சக்கரத்துக்கும் பேரிங்குக்கும் மெல்லிசா கிரீஸ். நாக்குக்கும் அதோட ஸ்பிரிங்குக்கும் கிரீஸ் கூடவே கூடாது, ரெண்டு சொட்டு லேசான எண்ணெய் போதும். பாசத்துல அள்ளிப் பூசினா நாக்கு ஒட்டிக்கும், பல்லுல விழாது. இழுத்த பாய் கைப்பிடியைத் திருப்பி அடிச்சு மணிக்கட்டை உடைக்கும். ஸ்பிரிங் ரொம்ப மலிவு, திறந்தப்பவே புதுசா மாத்திடுங்க. மூடறதுக்கு முன்னாடி நாக்கை விரலால அமுக்கி விடுங்க. துள்ளி வெளியே வரணும்.

காரைக்கால் விசைப்படகுகள்லயும் வலை இழுக்கிற வின்ச் உண்டு. ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகு வேலையெல்லாம் அப்பத்தான் நடக்கும். வருமானம் இல்லாத அந்த ரெண்டு மாசத்துல மெஷினுக்குச் செலவு பண்ண மனசு வராது, உண்மைதான். ஆனா கேப்ஸ்டன் காலத்துலேர்ந்து கணக்கு மாறவே இல்ல. நாக்கு வழுக்கினா அடி விழறது மெஷினுக்கு இல்ல, அதைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிற கைக்கு.