வாய் திறந்து சொன்னால்தான் ரட்சிப்பா?

ஸ்ரீவில்லிபுத்தூர் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? ஆண்டாள், அந்த வானளாவிய கோபுரம், அப்புறம் பால்கோவா. வைணவத்தின் இந்தக் கோட்டையைச் சுற்றியுள்ள கரிசல் கிராமங்களில் 1854-ல் ஒரு வெள்ளைக்காரர் கூடாரம் தூக்கிக்கொண்டு அலைந்தார் என்றால் நம்புவீர்களா?

பெயர் ராக்லண்ட். கேம்பிரிட்ஜில் கணக்கில் புலி. சர்ச் மிஷனரி சொசைட்டியைச் சேர்ந்தவர். நெல்லைச் சீமையின் தெற்குப் பக்கம் அதற்குள் சபைகள் வேரூன்றிவிட்டன. வடக்கோ அநேகமாகக் காலி. எனவே சிவகாசியை மையமாக வைத்து ஊர் ஊராகப் போனார். 1858 அக்டோபர் 22-ம் தேதி சிவகாசியிலேயே இறந்தும் போனார்.

அவர் பேசியதைக் கேட்டவர்களுக்கு ஒரு சிக்கலான கேள்வி காத்திருந்தது. இயேசுவை மனசார நம்பினால் போதுமா? இல்லை, நாலு பேர் முன்னால் வாய்விட்டுச் சொல்லவும் வேண்டுமா?

ரோமாபுரியில் இருந்த கிறிஸ்தவர்களுக்கு பவுல் எழுதிய கடிதத்தின் 10-ம் அதிகாரத்தில் இதற்கான பதில் இருக்கிறது. இதயத்தில் நம்பிக்கை, வாயில் அறிக்கை... இரண்டையும் சேர்த்தே சொல்கிறார். அது என்ன கட்டாயம் என்று கேட்கிறீர்களா? அந்தக் காலத்து ரோமாபுரியை யோசித்துப் பாருங்கள். சுமார் கி.பி. 112-ல் பிளினி என்ற ரோமானிய கவர்னர் சக்கரவர்த்தி டிராஜனுக்கு எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. பிடித்து வந்தவர்களிடம், ‘நீ கிறிஸ்தவனா?’ என்று மூன்று தடவை கேட்பாராம். ஆமாம் என்று விடாப்பிடியாகச் சொன்னால் மரணம். இல்லை என்று சொல்லி, சக்கரவர்த்தி சிலைக்கு முன் சாம்பிராணி போட்டு, கிறிஸ்துவைத் திட்டினால் விடுதலை! ஆக, வாயிலிருந்து வந்த ஒரு சொல்லுக்கு உயிரின் விலை இருந்தது.

நம் ஊரில் சக்கரவர்த்தி கிடையாது. அவருக்குப் பதிலாகக் குடும்பம் இருந்தது, சாதி இருந்தது. அதுவும் சாதாரணமானதல்ல!

ராக்லண்ட் இறந்த அதே 1858-ல் நெல்லைச் சீமையைச் சேர்ந்த ஒரு தமிழ்ப் பண்டிதர், சென்னை மயிலாப்பூரில் ஞானஸ்நானம் பெற்றார். ஆச்சாரமான வைணவ வேளாளர் குடும்பம். ஆழ்வார் பாசுரங்களில் ஊறியவர். அவர்தான் எச்.ஏ.கிருஷ்ண பிள்ளை. பின்னாளில், 1894-ல், ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்ற காவியத்தைத் தந்தவர். இப்படி வெளிப்படையாகச் சொன்னவர்களை வரலாறு பத்திரமாக ஞாபகம் வைத்துக்கொள்கிறது.

சொல்லாதவர்களை?

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து சிவகாசி பஸ் பிடித்தால் முக்கால் மணி நேரம்கூட ஆகாது. அந்தச் சிவகாசியில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ‘ரகசியக் கிறிஸ்தவர்கள்’ இருந்தார்கள். எல்லோரும் இந்துக் குடும்பத்துப் பெண்கள். ஊருக்கு இந்து, உள்ளுக்குள் கிறிஸ்து. எலிசா கென்ட் என்ற அமெரிக்க ஆய்வாளர் 2011-ல் இவர்களைப் பற்றி விரிவாகவே எழுதியிருக்கிறார்.

ஏன் சொல்லவில்லை? கோழைகளா? சட்டத்தைக் கொஞ்சம் பாருங்கள். மதம் மாறினாலும் சொத்துரிமை போகாது என்று 1850-லேயே பிரிட்டிஷ் அரசு சட்டம் போட்டுவிட்டது. மதம் மாறியவரைக் கணவனோ மனைவியோ அதற்காகவே கைவிட்டால், கோர்ட்டுக்குப் போய்த் திருமண பந்தத்திலிருந்து விடுபடலாம் என்று 1866-ல் இன்னொரு சட்டம். பேப்பரில் எல்லாம் சரிதான். ஆனால் கையில் ஒரு பைசா இல்லாத, வாசலைத் தாண்டாத ஒரு பெண், பிள்ளைகளை விட்டுவிட்டு எந்தக் கோர்ட்டுக்குப் போவாள்? கிருஷ்ண பிள்ளைக்குப் புலமை இருந்தது, எந்த ஊருக்குப் போனாலும் பிழைத்துக்கொள்ளலாம். அவளுக்கு?

சரி, ஆண்கள் எல்லோரும் சொல்லிவிட்டார்களா என்றால் அதுவும் இல்லை. சென்னை கிறிஸ்தவக் கல்லூரி ஆசிரியர் கந்தசாமி செட்டியார் 1915-ல், தான் ஏன் கிறிஸ்தவன் ஆகவில்லை என்று மிஷனரிகளிடமே விளக்கம் சொன்னார். கிறிஸ்துவை ஏற்கிறேன், சபையில் சேர மாட்டேன் என்பதுதான் அவர் நிலை. பல வருடங்கள் கழித்து, சென்னை குருகுல் இறையியல் கல்லூரியில் பணியாற்றிய ஹெர்பர்ட் ஹோபர் தமிழ்நாடு முழுக்கத் தேடிப் பார்த்தார். ஞானஸ்நானம் பெறாமலே இயேசுவை நம்புகிறவர்கள் கிராமத்திலும் இருந்தார்கள், நகரத்திலும் இருந்தார்கள். அவருடைய புத்தகம் 1991-ல் வந்தபோது இறையியல் உலகில் பெரிய விவாதமே கிளம்பியது.

இதில் இன்னொரு முடிச்சும் இருக்கிறது. 1950-ல் வந்த ஜனாதிபதி ஆணைப்படி, தலித் ஒருவர் கிறிஸ்தவரானால் பட்டியல் சாதிக்குரிய சலுகைகள் அவருக்குக் கிடையாது. வாய்விட்டுச் சொன்னால் சர்டிபிகேட் போச்சு!

இரண்டு பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. மனுஷர் முன்னால் என்னை மறுதலிப்பவனை நானும் மறுதலிப்பேன் என்ற பொருளில் இயேசு கண்டிப்பாகப் பேசியிருக்கிறார். ரகசியமாகவே இருந்தால் சபை என்ற ஒன்று எப்படி உருவாகும் என்று திருச்சபை கேட்பதிலும் அர்த்தம் இருக்கிறது. எதிர்த் தரப்பு சிலுவையைக் காட்டுகிறது. பக்கத்துச் சிலுவையில் தொங்கிய கள்ளன் ஞானஸ்நானம் பெறவில்லை, சபையிலும் சேரவில்லை. அவனுக்குப் பரதீசு கிடைத்ததே! ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் கள்ளனும் வாய் திறந்துதான் கேட்டான். இழப்பதற்கு அவனிடம் அப்போது எதுவும் மிச்சமில்லை.

லூத்தர் வழி வந்தவர்கள் இதற்கு ஒரு சமாதானம் சொல்வார்கள். ரட்சிப்பு இலவசம், அறிக்கை அதற்குக் கொடுக்கும் விலை அல்ல. மரம் உயிரோடு இருந்தால் காய்க்கும், அவ்வளவுதான். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் காய்த்த மரத்தில் கல்லடி யார் மேல் விழுகிறது என்பதையும் சேர்த்துத்தானே பார்க்க வேண்டும்?

ஆண்டாளையே எடுத்துக்கொள்ளுங்களேன். மனிதனுக்கு வாழ்க்கைப்பட மாட்டேன், அரங்கன்தான் என் கணவன் என்று ஊரறியச் சொன்னவள் அவள். அவளுக்குப் பெரியாழ்வார் என்றொரு அப்பா துணை நின்றார். சிவகாசிப் பெண்களுக்கு அப்படி யாரும் நின்றதாகத் தெரியவில்லை. அவர்கள் சமையலறையில், குரல் வெளியே கேட்காமல் ஜெபம் செய்தார்கள். அது பவுல் சொன்ன அறிக்கையில் சேருமா, சேராதா? தீர்ப்பு சொல்லும் முன்பு, அந்த வீட்டு வாசலில் ஒரு நிமிஷம் நின்று பாருங்கள்.